பழைய பியட்டுக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5.20-14 டயரோடு வந்த பியட் 1100 அல்லது பிரீமியர் பத்மினி உங்களிடம் இருந்து, அதை ஷெட்டில் மூடி வைக்காமல் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கும் ஏலகிரிக்கும் வீட்டாரோடு ஓட்டிப் போகிறவர் என்றால், 165/80 ஆர் 14 ரேடியல் போடுங்கள். உள்ளே ரேடியலுக்கான டியூப், ஸ்டெப்னி உட்பட ஐந்தும் ஒரே டயர், காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்த்து முன்னால் 28, பின்னால் 30 பிஎஸ்ஐ காற்று. வண்டி கண்காட்சிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் மட்டும்தான் வெளியே வருகிறது என்றால் பழைய கிராஸ்பிளையே போதும், மாற்றாதீர்கள். கடைக்காரர் எடுத்து நீட்டும் 175/65 ஆர் 14 மட்டும் இருவருக்குமே வேண்டாம். ஏன் என்பது கீழே.

எங்கள் வண்டி 1968 பியட் 1100 டிலைட். அப்பா வாங்கியது, இப்போது சத்துவாச்சாரி வீட்டில் என் பொறுப்பில் நிற்கிறது. அவர் காலம் முழுக்க கிராஸ்பிளைதான். காலையில் வண்டியை எடுத்தால் முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு தட் தட் என்று அடிக்கும், ஏதோ சக்கரம் கோணிவிட்ட மாதிரி. சின்ன வயதில் அதுதான் பியட்டின் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கஸ்பாவில் பஞ்சர் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான் விளக்கினார்: "தம்பி, இது நைலான் டயர். ராத்திரி நின்ன இடத்துல அடி சப்பையாயிடும். ஓடிச் சூடானா தானா ரவுண்டு ஆயிடும், வீல் பேலன்ஸ் பண்ணிக் காசை வீணாக்காதே." அவர் சொன்னது அப்படியே சரி.

கிராஸ்பிளை என்பது நூல் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிய டயர். பட்டனும் (ரோட்டைத் தொடும் வெட்டு போட்ட பகுதி) சைடுவாலும் (பக்கச் சுவர்) ஒரே உடம்பு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும், சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த நூல் அடுக்குகள் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும், அந்த உரசல்தான் சூடு. ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகிறது, பட்டனுக்கு அடியில் தனியாக எஃகுக் கம்பிப் பட்டை இருக்கிறது. சைடுவால் எவ்வளவு வளைந்தாலும் பட்டன் தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கும். மிச்சலின் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1946ல், இந்தியாவில் ஜேகே டயர் முதல் ரேடியலைக் கொண்டுவந்தது 1977ல். நம்முடைய பியட்டின் மூல வடிவமோ 1953ல் இத்தாலியில் வந்தது. ஆக இந்த வண்டியின் ஸ்பிரிங், ஸ்டீயரிங் எல்லாமே கிராஸ்பிளையை மனதில் வைத்துச் செய்தவை. ரேடியல் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது, ஏனென்றால் காற்றின் அளவு மாறுவதும் அலைன்மெண்ட் மாறுவதும் இதனால்தான்.

கிராஸ்பிளைக்கு நல்ல குணங்கள் உண்டு. ஒல்லியாக, உயரமாக நிற்கும் அந்த டயர்தான் பியட்டின் அழகு. நிறுத்தும்போது ஸ்டீயரிங் லேசாகச் சுற்றும். வளைவில் பிடியையும் திடீரென்று விடாது, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக் காட்டும். கெட்ட குணம் நேர் சாலையில் தெரியும். என்எச் 48ல் லாரிகள் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்த இடது லேனில் போனால் முன்சக்கரம் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு தானாக ஒரு பக்கம் போகும், நாம் இழுக்க வேண்டும், திரும்ப அது இழுக்கும். ராணிப்பேட்டை போய் வருவதற்குள் தோள் வலிக்கும்.

ஆனால் நான் மாற்றியதற்குக் காரணம் தோள்வலி இல்லை. சில வருடங்களுக்கு முன் "புது செட்" என்று ஒரு கடையில் கிராஸ்பிளை வாங்கினேன், பட்டன் முழுசாக, கறுப்புப் பளபளப்போடு இருந்தது. கத்திரி வெயிலில் ஒரு மதியம் அம்மாவும் மனைவியும் பின்சீட்டில் இருக்க, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது பின் இடது சக்கரத்தில் பட்டன் ஒரு முழ நீளத்துக்கு உரிந்து மட்கார்டில் அடித்தது. நல்ல வேளையாக வேகம் அறுபதுக்குள். ஓரங்கட்டி, ஜாக்கி போட்டு, சைடுவாலை விரலால் வளைத்துப் பார்த்தால் உள்ளே மயிரிழை மாதிரி வெடிப்புகள், வட்டமாகச் சுற்றிலும். அரக்கோணத்தில் டயர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் போட்டோ அனுப்பினேன். அவர் வேறு எதையும் கேட்கவில்லை, சைடுவாலில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண் என்ன என்று மட்டும் கேட்டார். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம், 2319 என்றால் 2019ன் 23வது வாரம். என் டயர் செய்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கடையில் தூங்கிக் கிழடான ரப்பர், அதன் மேல் மே மாதத் தார் ரோடு.

அதனால் எந்த வகை வாங்கினாலும் கடையில் டார்ச் அடித்து அந்த எண்ணைப் பாருங்கள். நம் வண்டிகள் வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது, பட்டன் தேயவே தேயாது, டயர் சாவது வயதால்தான். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் நான் வாங்குவதில்லை. ஆறு வருடம் ஆனால் வருடா வருடம் கழற்றி உள்பக்கச் சைடுவாலையும் பார்க்கிறேன், பத்து வருடத்துக்கு மேல் பட்டன் எப்படி இருந்தாலும் ஓட்ட மாட்டேன்.

இந்த இடத்தில் பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2021ல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம், எண்ணில் விஏ எழுத்து வரும். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி என்றுதான் வெளியே எடுக்கலாம். அந்த வழியில் போகிறவருக்கு மூல வடிவம் முக்கியம், கிராஸ்பிளை வைத்துக்கொள்வதுதான் நியாயம். மிச்சலின், பிரெடஸ்டைன் போன்றவர்கள் பழைய கார்களுக்கென்றே பழைய பட்டன் வடிவத்தில் ரேடியல் செய்கிறார்கள், பார்க்க அச்சு அசலாக இருக்கும், பிரெடஸ்டைன் இப்போது நம் அப்போலோவுக்குச் சொந்தமும்கூட. ஆனால் 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தனி ஆள் ஐந்து டயர் வரவழைப்பதற்காக அலைவது எனக்குக் கட்டுப்படியாகாது என்று அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

சரி, ஊரில் கிடைக்கும் ரேடியலுக்கு வருவோம். இங்கேதான் கணக்கு.

பழைய 5.20-14ன் மொத்த உயரம், அதாவது தரையிலிருந்து டயரின் உச்சி வரை, கிட்டத்தட்ட 610 மில்லிமீட்டர். புது டயரின் உயரத்தை நாமே கணக்குப் போடலாம்: ரிம் 14 அங்குலம், 355.6 மில்லிமீட்டர். 165/80 என்றால் அகலம் 165, சைடுவால் அதில் 80 சதவீதம், 132. மேலும் கீழும் சேர்த்து 264, மொத்தம் 620. பழையதைவிட 10 மில்லிமீட்டர் அதிகம், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 61. பரவாயில்லை. 155/80 ஆர் 14 இருந்தால் 604 வரும், அளவில் அதுதான் இன்னும் நெருக்கம், அகலமும் குறைவு, கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். நான் வேலூரில் கேட்ட கடைகள் எதிலும் இல்லை. 165/80 ஆர் 14 மாருதி ஸ்விஃப்ட், டிசையர் ஆரம்ப மாடல்களுக்கு வரும் அளவு, அதனால் எந்தக் கடையிலும் புதுத் தேதியில் கிடைக்கிறது. நாளை வாணியம்பாடியில் டயர் வெடித்தாலும் அங்கேயே வாங்கலாம். பழைய வண்டிக்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது 175/65 ஆர் 14. கடையில் "சார், இது இன்னும் அகலம், கிரிப் நல்லா இருக்கும், பார்க்கவும் கெத்தா இருக்கும்" என்பார்கள். உயரம் போட்டுப் பாருங்கள், 583தான் வருகிறது. வண்டி ஒரு அங்குலத்துக்குப் பாதி கீழே இறங்கும், கிராமத்து வேகத்தடை ஒவ்வொன்றிலும் சைலன்சர் தட்டும். ஸ்பீடோமீட்டரில் 60 என்றால் நிஜம் 57. அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டும், 1089 சிசி இன்ஜின், டாப் கியர் போட்டும் ஏற்கெனவே மூச்சு வாங்குகிற வண்டி, மே மாதத்தில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று தெரியும். அதோடு 175/65க்கு ரிம் அகலம் குறைந்தது 5 அங்குலம் வேண்டும். பழைய ரிம் அதைவிடக் குறுகல். குறுகல் ரிமில் அகல டயரை ஏற்றினால் சைடுவால் உள்நோக்கி மடிந்து, பலூனைக் கழுத்தில் பிடித்த மாதிரி நிற்கும், வளைவில் பின்பக்கம் ஆடும். உங்கள் ரிம்மை ஒரு முறை அளந்துவிடுங்கள், டயர் உட்காரும் இரண்டு உள் விளிம்புகளுக்கு இடையே. 4 அங்குலம் இருந்தால் 165/80 உட்காரும். அதற்கும் குறைவு என்றால் 165 வேண்டாம். அலாய் வீல் பற்றிக் கேட்காதீர்கள், பியட்டில் அந்த வட்டமான எஃகு மூடி இல்லாமல் என்னால் பார்க்க முடியாது.

ஐந்தையும் வாங்கும் முன் ஒரே ஒரு டயரை மாட்டிச் சோதியுங்கள். பின்சக்கரத்தில் மாட்டி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைகிறதா பாருங்கள். பிறகு அதையே முன்னால் மாட்டி ஸ்டீயரிங்கைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். உரசினால் கடைக்காரரிடம் ஒரு டயரைத் திருப்பிக் கொடுப்பதோடு போகும்.

இரண்டு வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், ஒரு பக்கம் கிராஸ்பிளை, கூடவே கூடாது. முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்பது இன்னும் மோசம்: முன்பக்கம் ரோட்டைக் கெட்டியாகப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், ஈரத்தில் வண்டி சுற்றிவிடும். காசுக்காகத் தவணையாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரேடியல் பின்னால் போகட்டும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நான்கும் மாறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்போது வரும் டயர் டியூப்லெஸ் என்பதால் டியூப் தேவையில்லை என்று சொல்வார்கள். பழைய ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது, காற்று குறைந்த நேரத்தில் வளைவில் திரும்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். ரிவெட் அடித்த ரிம் என்றால் காற்று கசியும். அதனால் டியூப். ஆனால் டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது, மெல்லிய வரிகளும் கம்பெனி ஸ்டிக்கரும் இருக்கும், அவை டியூபைத் தின்னும். நான் நின்று பார்த்துக்கொண்டே ஸ்டிக்கரை உரிக்கச் சொல்லி, கையால் உள்ளே தடவிப் பார்த்து, டால்க் பவுடர் நன்றாகத் தூவித்தான் மாட்டச் சொன்னேன். ரிம்மின் உள்ளே துரு இருந்தால் சுரண்டி பெயிண்ட் அடித்து, புது ரிம் டேப்பும் போடுங்கள். ரேடியல் வளைவில் ரிம்மை அதிகம் இழுக்கும், ஆகவே நட்டுத் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் அந்த ரிம் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

இனி காற்று. பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்பாவின் நோட்டில் "மு 22, பி 24" என்று எழுதியிருக்கிறது. கிராஸ்பிளைக்கு அது சரி, சைடுவாலே சுமையில் ஒரு பங்கைத் தாங்கும். அதே அளவு ரேடியலில் வைத்தால் மென்மையான சைடுவால் அதிகமாக மடங்கி, சூடாகி, ஸ்டீயரிங் கல்லாகிவிடும். நான்கு முதல் ஆறு வரை கூட்ட வேண்டும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரேடியல் சரியான காற்றில் இருந்தாலும் அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும், பார்க்கிறவர்கள் காற்று இல்லை என்று 38, 40 ஏற்றிவிடுவார்கள். சைடுவாலில் அச்சடித்திருக்கும் பிஎஸ்ஐ எண் அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. அவ்வளவு ஏற்றினால் பட்டனின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், லீஃப் ஸ்பிரிங் வண்டி ஒவ்வொரு குழியிலும் துள்ளும், நாலும் டிரம் பிரேக் இருக்கிற வண்டிக்கு அது ஆபத்து.

28, 30 போதுமா என்று சுமைக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். 165/80 ஆர் 14ல் 85 என்ற எண் இருக்கும், அது 36 பிஎஸ்ஐயில் ஒரு டயருக்கு 515 கிலோ. 30ல் சுமார் 440 தாங்கும். வண்டி கிட்டத்தட்ட 900 கிலோ, ஐந்து பேரும் பையும் சேர்த்து 1300, பின் அச்சில் 700க்குச் சற்று மேல், ஒரு டயருக்கு 360. இடம் நிறையவே இருக்கிறது. மலைக்கு டிக்கி நிறையச் சாமானோடு போகும்போது மட்டும் பின்னால் 32.

எப்போது பார்ப்பது என்பது எவ்வளவு என்பதைவிட முக்கியம். வெப்பம் ஐந்தாறு டிகிரி கூடினால் காற்று ஒரு பிஎஸ்ஐ ஏறும். டிசம்பர் காலை 20 டிகிரியில் 28 வைத்தால் மே மாத மதியம் வண்டி நின்ற நிலையிலேயே 31, 32 காட்டும், ஓடினால் அதற்கு மேல் நான்கு. அந்த நேரத்தில் பங்க்கில் நிறுத்தி, அதிகமாக இருக்கிறது என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை 24ல் கிளம்புவீர்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. என் முறை இதுதான்: காலை ஆறு மணிக்கு, வெயில் சக்கரத்தில் படும் முன், சொந்தக் கேஜில் அளந்து எது எவ்வளவு குறைவு என்று எழுதிக்கொள்கிறேன். முன் வலது 2 குறைவு என்றால், பங்க்கில் அது காட்டுகிற எண் எதுவாக இருந்தாலும் அதற்கு மேல் 2 ஏற்றச் சொல்கிறேன். ஊழியர் "சார், 33 வருது" என்பார். வரட்டும். கைக்கு அடக்கமான மின் கம்ப்ரசர் வாங்குபவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் செருக வேண்டாம், அறுபது வயது ஒயர் அந்தக் கரண்டைத் தாங்காது, பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுங்கள். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

உங்கள் வண்டிக்கு 28, 30 சரிதானா என்று இரண்டு விதமாகச் சோதிக்கலாம். காலையில் அளந்துவிட்டு அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டி உடனே அளங்கள். நான்கைந்து ஏறியிருந்தால் சரி, ஏழெட்டு ஏறியிருந்தால் தொடக்கத்தில் காற்று போதவில்லை. இன்னொன்று சாக்பீஸ். பட்டனுக்குக் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை, தடிமனாக ஒரு கோடு போடுங்கள். காலியாக இருக்கும் தார் ரோட்டில் நேராக நூறு மீட்டர் ஓட்டி இறங்கிப் பாருங்கள். எங்கள் தெருவில் முதல் முறை 34 வைத்துப் பார்த்தபோது நடுவில் நான்கு விரல் அகலம் அழிந்து இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. 28க்கு இறக்கியதும் ஓரம் வரை ஒரே சீராக அழிந்தது. எஃகுப் பட்டை இருப்பதால் ரேடியலில் சின்ன வித்தியாசம் தெரியாது, பெரிய தவறு தெரிந்துவிடும்.

அலைன்மெண்ட் செய்யும்போது ரேடியலுக்கு மாற்றியிருக்கிறேன் என்று சொல்லி டோ-இன்னை (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) குறைக்கச் சொல்லுங்கள், பழைய அளவிலேயே விட்டால் ஓரப் பட்டன் ரம்பம் மாதிரி தேயும்.

அம்பாசிடர்காரர்களுக்கும் இதே கணக்குதான். 5.90-15ன் உயரம் சுமார் 660. புதுக் கார்களின் 185/65 ஆர் 15 என்றால் 621தான், வண்டி குள்ளமாகிவிடும். ஜிப்சியின் 205/70 ஆர் 15 உயரம் சரியாக வரும், ஆனால் அம்பாசிடர் ரிம்முக்கு அகலம் அதிகம். 175/80 ஆர் 15 கிடைத்தால் 661. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு 5.20-13க்குப் பதில் 155/80 ஆர் 13, உயரம் 578, கிட்டத்தட்ட அதே அளவு.

மாற்றிய பிறகு நிறுத்தும்போது ஸ்டீயரிங் கனமாகத்தான் இருக்கிறது, காட்பாடி ரயில் நிலையத்தில் ரிவர்ஸ் எடுத்தால் கை உணர்கிறது. வண்டி மெல்ல உருளும்போது திருப்பினால் பாதிக் கனம் குறையும். என்எச்சில் அந்தத் தட இழுப்பு போய்விட்டது, அம்மா ஆம்பூர் வரை தூங்கிக்கொண்டே வந்தார். மூன்று மாதம் நிற்கப்போகிறது என்றால் 36 ஏற்றி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரைச் சுற்று தள்ளி வைக்கிறேன். அப்பாவின் நோட்டில் 22, 24க்குக் கீழே, தேதி போட்டு, "ரேடியல், மு 28, பி 30, காலையில்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.